கேலடோனியன் ரோடு சலூனுக்கு வந்த கடிதங்கள்: 1914-க்கு முந்தைய கடற்படை உளவு

"முதல் உலகப் போருக்கு முன்னால் இங்கிலாந்து முழுக்க ஜெர்மன் ஒற்றர்கள் நிறைந்திருந்தார்கள் என்று படித்தேன். உண்மையா? அவர்கள் எதைத் தேடினார்கள்? பிரிட்டனும் பதிலுக்கு ஜெர்மனியில் வேவு பார்த்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

ஒற்றர்கள் இருந்தார்கள், இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஆனால் அன்றைய பத்திரிகைகள் எழுதிய மாதிரி ஆயிரக்கணக்கில் இல்லை. ஜெர்மனிக்கு வேலை செய்தவர்களில் பணத்துக்கு ஆசைப்பட்ட ஒரு கடற்படைப் பீரங்கி அதிகாரி, மதுக்கடை நடத்தியவர், முடிவெட்டுகிறவர் என்று பலர் உண்டு. பிரிட்டனுக்கு வேலை செய்தவர்களில் ஒரு கப்பல் தரகர், ஒரு வக்கீல், விடுமுறை எடுத்துக்கொண்டு போன இரண்டு இளம் அதிகாரிகள். இவர்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கோட்டைகளையும் கப்பல்களையும் விட்டுவிட்டுத் தபாலைப் பின்தொடர்ந்து போக வேண்டும் என்பது என் கருத்து. யார் யாருக்கு எழுதினார்கள், கடிதத்தில் எந்த ஊர் முத்திரை இருந்தது, நடுவில் அதை யார் பிரித்துப் படித்தார்கள் என்று பார்த்தால் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

முதலில் பின்னணி. ஜெர்மனி 1898-லும் 1900-லும் இரண்டு கடற்படைச் சட்டங்களை நிறைவேற்றியது. அட்மிரல் டிர்பிட்ஸின் கைவரிசை அது. பிரிட்டனுக்கோ உணவு தானியத்தில் பெரும்பகுதி கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. கடல் கைவிட்டுப்போனால் நாடு பட்டினி. 1906 பிப்ரவரியில் பிரிட்டனின் 'ட்ரெட்நாட்' நீரில் இறங்கியது. பத்து 12 அங்குலப் பீரங்கிகள், டர்பைன் எஞ்சின். அது வந்ததும் அதுவரை உலகத்தில் இருந்த போர்க்கப்பல்கள் அத்தனையும், பிரிட்டனுடையவையும் சேர்த்து, பழசாகிவிட்டன. பந்தயம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. எதிராளி எத்தனை கட்டுகிறான், எத்தனை மாதத்தில் முடிப்பான் என்பதுதான் இனிமேல் கேள்வி.

1909 தொடக்கத்தில் லண்டனில் ஒரு பெரிய பீதி கிளம்பியது. ஜெர்மனி சத்தமில்லாமல் முன்கூட்டியே கப்பல்களுக்கு ஆர்டர் கொடுக்கிறது, க்ரூப் ஆலையில் பீரங்கிகளும் கவசத் தகடுகளும் குவிகின்றன என்று பேச்சு. "எட்டு வேண்டும், காத்திருக்க மாட்டோம்" என்று தெருவில் கோஷம். அரசு எட்டு கப்பலுக்கும் பணம் ஒதுக்கியது. ஆனால் பயந்த வேகத்தில் ஜெர்மனி கட்டவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. ஜெர்மன் கப்பல் தளத்துக்குள் இருந்து நிச்சயமான செய்தி அனுப்ப அன்று பிரிட்டனிடம் முறையான ஓர் அமைப்பே இல்லை. இந்த ஒரு குறை எத்தனை கோடி செலவுக்கு வழி வைத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அதே சமயத்தில் ஜெர்மானியர் படையெடுத்து வருவதாக நாவல்கள் தொடர்கதைகளாக வந்து, விற்பனையில் சக்கைப்போடு போட்டன. ஹோட்டல் பணியாள், பேண்டு வாத்தியக்காரர், சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர் என்று எந்த ஜெர்மானியரைப் பார்த்தாலும் சந்தேகம். வாசகர்கள் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். அந்தக் கடிதங்கள் அரசுக் குழு ஒன்றின் மேசைக்கும் போய்ச் சேர்ந்தன. அதன் விளைவு, 1909 அக்டோபரில் ரகசியச் சேவைப் பிரிவு என்று ஒன்று தொடங்கியது. ஆரம்பத்தில் இரண்டே பேர். ராணுவத்திலிருந்து வெர்னன் கெல்: வயது முப்பத்தைந்து, ஆஸ்துமாக்காரர், சீன மொழி வரை பல மொழிகள் தெரிந்தவர். கடற்படையிலிருந்து மேன்ஸ்ஃபீல்ட் கம்மிங்: ஐம்பது வயது, கடல் ஒத்துக்கொள்ளாமல் கரைக்கு வந்து, சவுத்தாம்ப்டன் துறைமுகத்தின் வாயை அடைக்கும் மிதவைத் தடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இந்த இரண்டு பேரிலிருந்துதான் இன்று உலகம் அறிந்த இரண்டு அமைப்புகளும் கிளைத்தன: கெல்லின் பக்கம் உள்நாட்டில் ஒற்றர்களைப் பிடிக்கும் எம்.ஐ.5, கம்மிங்கின் பக்கம் வெளிநாட்டில் வேவு பார்க்கும் எம்.ஐ.6.

கம்மிங்கின் டைரியில் முதல் நாள் குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அலுவலகத்துக்குப் போனார், நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், யாரும் வரவில்லை, செய்யவும் ஒரு வேலையும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு சின்ன ஆரம்பம்.

சரி, ஜெர்மன் பக்கம் என்ன நடந்தது? அவர்களுடைய கடற்படைத் தலைமையகத்தில் 'என்' என்ற உளவுப் பிரிவு 1901-லேயே வந்துவிட்டது. ஜெர்மன் ராணுவ உளவுத்துறை பிரான்ஸையும் ரஷ்யாவையும் பார்த்துக்கொண்டது. பிரிட்டனைக் கடற்படையிடம் விட்டுவிட்டது. இது முக்கியமான செய்தி. இங்கிலாந்து மக்கள் பயந்தது படையெடுப்பை. ஆனால் அங்கே இருந்த ஜெர்மன் ஒற்றர்களுக்குப் படையெடுப்பில் வேலையே கிடையாது. போர்ட்ஸ்மவுத், பிளிமத், ஷீர்னெஸ், சாட்டம், ரோசைத் போன்ற கடற்படைத் துறைமுகங்களில் என்ன நடக்கிறது, கப்பல்கள் திடீரென்று நிலக்கரி ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றனவா, பீரங்கிப் பயிற்சி நூல்கள் கிடைக்குமா, இவ்வளவுதான் அவர்களிடம் கேட்கப்பட்டது.

இந்த ஆட்களை இயக்கியவர் குஸ்டாவ் ஷ்டைன்ஹவர். அமெரிக்காவில் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பழகியவர். பாட்ஸ்டாமில் உட்கார்ந்துகொண்டு பல பெயர்களில் கடிதம் எழுதுவார். ஜெர்மன் தபால் முத்திரையோடு அடிக்கடி கடிதம் வந்தால் பெறுபவர் மேல் சந்தேகம் விழும் அல்லவா? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வடக்கு லண்டனில் கேலடோனியன் ரோடு 402ஏ என்ற முகவரியில், பெண்டன்வில் சிறைக்குப் பக்கத்தில், கார்ல் குஸ்டாவ் எர்ன்ஸ்ட் என்பவர் சலூன் வைத்திருந்தார். பாட்ஸ்டாமிலிருந்து அவருக்கு ஒரு கனமான உறை வரும். உள்ளே வேறு வேறு பெயர்களுக்கு முகவரி எழுதிய சிறிய உறைகள். எர்ன்ஸ்ட் அவற்றில் பிரிட்டிஷ் தபால் தலை ஒட்டி லண்டன் தபால் பெட்டியில் போடுவார். பெறுபவருக்கு அது லண்டனிலிருந்து வந்த சாதாரணக் கடிதம். அவர்கள் எழுதும் பதிலும் இதே வழியாகத் திரும்பிப் போகும்.

இதற்கு எர்ன்ஸ்டுக்குக் கிடைத்த கூலி மாதம் ஒரு பவுண்டு. பிறகு ஒன்றரைப் பவுண்டாக ஏற்றினார்கள். ஒரு பேரரசின் உளவு வலை முழுக்க இந்த ஒற்றைக் கடையின் வழியாகத்தான் ஓடியது. ஷ்டைன்ஹவர் செய்த பெரிய தவறு இது என்று நினைக்கிறேன். எல்லா நூலும் ஒரே ஊசிக் கண்ணில் நுழைந்தால், அந்த ஊசியைப் பிடித்தவன் கையில் அத்தனை நூலும் வந்துவிடும்.

அந்த ஊசி எப்படிச் சிக்கியது என்பதற்கு ஒரு கதை பிரபலம். ஜெர்மன் பேரரசர் கெய்சரோடு லண்டனுக்கு வந்த ஒரு ஜெர்மன் கடற்படை அதிகாரி, அரண்மனை விருந்தாளியாக இருந்துகொண்டு, ராத்திரியில் ஒரு சாதாரணச் சலூனுக்குப் போனாராம். பின்தொடர்ந்த துப்பறிவாளர்கள் அங்கேயே கடையை அடையாளம் கண்டார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. பழைய நூல்கள் பலவற்றில் வருகிறது. ஆனால் ஆவணங்கள் காட்டுகிற வழி வேறு, அதுவும் சுவாரசியம் குறைந்ததல்ல.

1911 ஆகஸ்டில் கெல்லின் உதவியாளர் ஸ்டான்லி கிளார்க் ஸ்காட்லாந்தில் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அதே பெட்டியில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் எடின்பரோவுக்குப் பக்கத்தில் லீத் துறைமுகப் பகுதியில் ஹோட்டல் நடத்திய ஜெர்மானியர். தனக்கு ஜெர்மனியிலிருந்து முன்பின் தெரியாத யாரோ எழுதியிருக்கிறார்கள், பிரிட்டனில் போர் ஏற்பாடுகள் எப்படி என்று கேட்கிறார்கள் என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். கிளார்க் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு கடிதம் கைக்கு வந்தது. அனுப்பியவர் பெயர் 'எஃப். ரைமர்ஸ்', முகவரி பாட்ஸ்டாம், பிராயர் தெரு. அது ஷ்டைன்ஹவரின் புனைபெயர்களில் ஒன்று. அந்த முகவரிக்குப் போகும் கடிதங்களையும் அங்கிருந்து வரும் கடிதங்களையும் பிரிக்கத் தொடங்கியதும் ஒன்றிலிருந்து ஒன்றாக முகவரிகள் கொட்டின.

தபாலைப் பிரிக்க உள்துறை அமைச்சரின் வாரண்டு வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி வாரண்டு. 1910-11-ல் உள்துறை அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். சந்தேகப் பட்டியலில் உள்ள ஒருவருக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் பிரிக்கலாம் என்று பொது வாரண்டு கொடுக்கும் வழக்கத்தை அவர் கொண்டுவந்தார். கெல்லுக்கு இதுதான் உயிர்நாடி. கடிதத்தைப் பக்குவமாகப் பிரிப்பது, நகல் எடுப்பது, திரும்ப ஒட்டி அனுப்புவது. ஒற்றனைப் பிடிக்க அவசரப்படாமல் அவனுக்குத் தொடர்ந்து கடிதம் வர விடுவது. எர்ன்ஸ்டின் சலூனைத் தெரிந்துகொண்ட பிறகும் கெல் அதை மூடவில்லை. போர் தொடங்கும்வரை அந்தக் கடை முடிவெட்டிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு உறையையும் கெல்லின் ஆட்கள் படித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. 1910 செப்டம்பரில் ஹெல்ம் என்ற இளம் ஜெர்மன் லெஃப்டினன்ட் போர்ட்ஸ்மவுத் கோட்டைகளைப் படம் வரையும்போது பிடிபட்டார். பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். 1889-ம் வருட அலுவல் ரகசியச் சட்டம் அவ்வளவு பலவீனமானது. கெட்ட நோக்கத்தை அரசுதான் நிரூபிக்க வேண்டும். 1911 கோடையில் மொராக்கோவின் அகாதீர் துறைமுகத்துக்கு ஜெர்மனி ஒரு போர்க்கப்பலை அனுப்பி நெருக்கடி உண்டாக்கியது. அந்தச் சூட்டோடு சூடாக, ஆகஸ்ட் 18 அன்று மக்களவை ஒரு மணி நேரத்துக்குள் புதிய அலுவல் ரகசியச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. தடை செய்யப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் வரைபடத்தோடு நின்றால் இனிமேல் விளக்கம் சொல்ல வேண்டியவர் நின்றவர்தான். இந்தியாவில் இன்றும் அமலில் இருக்கும் 1923-ம் வருட அலுவல் ரகசியச் சட்டம் இந்த 1911 சட்டத்தின் அச்சில் வார்த்தது. ஒற்றாடல் பற்றிய அதன் மூன்றாம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வரைபடம், மாதிரி, தடை செய்யப்பட்ட இடம் என்று அப்படியே அந்தக் கால போர்ட்ஸ்மவுத் வாடை அடிக்கும்.

பிடிபட்டவர்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஜார்ஜ் பாரட் என்பவர் கடற்படையில் பீரங்கிப் பிரிவின் வாரண்டு அதிகாரி, ஷீர்னெஸில் வேலை. அடிமட்டத்திலிருந்து பல வருடம் உழைத்து அந்தப் பதவிக்கு வந்தவர். பீரங்கி, டார்பிடோ பற்றிய நூல்கள் அவர் கையில் புழங்கின. அவற்றை விற்றார். பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் ஊருக்கு அவர் கப்பல் ஏறியபோது துப்பறிவாளர் ஒருவரும் அதே கப்பலில் ஏறினார். 1913 ஜனவரியில் நான்கு வருடக் கடுங்காவல்.

இன்னொருவர் ரோசெஸ்டரில் 'குயின் சார்லட்' என்ற மதுக்கடையை நடத்தியவர். வெளியே ஃபிரெடெரிக் கோல்ட் என்று ஆங்கிலப் பெயர். உண்மைப் பெயர் ஷ்ரோடர். ரோசெஸ்டர் என்பது சாட்டம் கடற்படைத் தளத்தின் வாசல் மாதிரி. மாலையில் மாலுமிகளும் தளத் தொழிலாளர்களும் வந்து உட்கார்ந்து பேசும் இடத்தில் கல்லாவில் இருப்பவருக்குத் தனியாக வேவு பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். 1914 பிப்ரவரியில் அவர் மனைவி சேரிங் கிராஸ் ஸ்டேஷனில் பெல்ஜியத்துக்குப் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது பிடித்தார்கள். பீரங்கிப் பயிற்சி நூல்களும் கடல் வரைபடங்களும் போர்க்கப்பல் வரைபடங்களும் அகப்பட்டன. கணவருக்கு ஆறு வருடம்.

இவை எல்லாம் அச்சடித்த நூல்கள் என்பதைக் கவனியுங்கள். ராத்திரியில் சுவர் ஏறி எடுத்த படங்கள் கிடையாது. பீரங்கியை எத்தனை பேர் இயக்குகிறார்கள், எந்தத் தூரத்தில் சுடப் பழகுகிறார்கள் என்பதை ஒரு பயிற்சி நூல் சொல்லும் அளவுக்குக் கரையில் நின்று பார்ப்பவனால் சொல்ல முடியாது. ஷ்டைன்ஹவரின் ஆட்கள் அனுப்பியதில் மதிப்புள்ள சரக்கு இதுதான்.

இப்போது பிரிட்டனின் பக்கம். இங்கே கதை கோட்டைகளில்தான் தொடங்குகிறது, அதனால்தான் அவர்கள் சீக்கிரம் அடிபட்டார்கள் என்பேன்.

1910 கோடையில் கடற்படை லெஃப்டினன்ட் விவியன் பிராண்டனும் கடற்படைக் காலாட்படையின் கேப்டன் பெர்னார்ட் ட்ரெஞ்சும் விடுமுறை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் வட கடற்கரைக்குப் போனார்கள். இவர்களை அனுப்பியது லண்டன் கடற்படை உளவுப் பிரிவு. கீல், குக்ஸ்ஹாஃபன், வாங்கரோக என்று சுற்றிவிட்டு போர்க்கும் தீவுக்கு வந்தார்கள். எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு முன்னால் கிடக்கும் மணல் தீவு அது. கோடையில் மக்கள் கடலில் குளிக்க வருவார்கள். மணல் மேடுகளுக்குப் பின்னால் பீரங்கி மேடைகளும் தேடுவிளக்குகளும் இருந்தன. போர் வந்தால் இந்தத் தீவைப் பிடித்து, அங்கிருந்து ஜெர்மன் துறைமுக வாய்களை அடைக்கலாம் என்று பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு தரப்பு யோசித்துக்கொண்டிருந்தது. அதனால் எங்கே எவ்வளவு ஆழம், எங்கே எத்தனை பீரங்கி என்ற விவரம் தேவைப்பட்டது. ஆகஸ்ட் மாத இரவொன்றில் பிராண்டன் அந்த மேடைகளுக்குள் நுழைந்தபோது காவலர்களிடம் மாட்டினார். ட்ரெஞ்ச் எம்டன் நகரத்தில் பிடிபட்டார். இருவரும் சேர்த்து வைத்த குறிப்புகளும் போலீஸ் கையில் சிக்கின.

எம்டன் என்றதும் நம் ஊரில் காது விடைக்கும். எம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரின் பெயரைத் தாங்கிய கப்பல்தான் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. 'அவன் சரியான எம்டன்' என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்ததுதான்.

1910 டிசம்பரில் லைப்சிக் உச்ச நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. போர்க்கும் அடங்கிய அதே ஃப்ரிசியத் தீவுகளில் பாய்மரப் படகில் சுற்றி ஜெர்மன் ரகசியத்தைக் கண்டுபிடிக்கும் இரண்டு இளைஞர்களைப் பற்றி 1903-ல் வெளிவந்த ஒரு ஆங்கில நாவலைப் படித்தீரா என்று கேட்டபோது, பிராண்டன் மூன்று தடவை படித்ததாகச் சொன்னார். இருவருக்கும் நான்கு வருடக் கோட்டைக் காவல். அதிகாரிகளுக்கான கௌரவமான சிறை அது. 1913 மே மாதம் கெய்சரின் மகள் கல்யாணத்துக்கு பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பெர்லின் போனபோது மன்னித்து விடுவித்தார்கள். போர்க் காலத்தில் ட்ரெஞ்ச் கடற்படை உளவுப் பிரிவுக்குத் திரும்பி, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி மாலுமிகளை விசாரிக்கும் பொறுப்பில் இருந்தார். தான் விசாரிக்கப்பட்ட அனுபவம் அவருக்கு நிச்சயம் உதவியிருக்கும்.

அந்த இருவரோடு சேர்ந்து விடுதலையான இன்னொருவர் பெர்ட்ரண்ட் ஸ்டூவர்ட். தொழிலால் வக்கீல். தானாக முன்வந்து ஒற்றராகப் போனவர். இரட்டை ஒற்றன் ஒருவன் அவர் கையில் ஒரு சங்கேத நூலைத் திணித்த சற்று நேரத்தில் பிரேமனில் பிடித்துவிட்டார்கள். வெளியே வந்த மறு வருடம், 1914 செப்டம்பரில், போர்முனையில் இறந்தார்.

கம்மிங் இந்த மாதிரி ஆட்களைவிடக் கப்பல் தொழிலில் புழங்கியவர்களை நம்பியது சரியான முடிவு. சவுத்தாம்ப்டனில் கப்பல் வாங்கி விற்கும் மாக்ஸ் ஷுல்ட்ஸ் என்பவர் அப்படி ஒருவர். வியாபாரச் சாக்கில் ஜெர்மன் தளங்களுக்குப் போய்வருவார். பிரேமனின் வேசர் கப்பல் தளத்தில் பொறியாளராக இருந்த ஹிப்ஸிச் என்பவரே அவருக்குத் தகவல் தந்தார். வேவு கப்பல் கட்டுகிறவர்களின் வட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது என்பதால் இது போர்க்கும் தீவு வேலையைவிட எத்தனையோ மடங்கு மேல். ஆனால் 1911-ல் இருவரும் பிடிபட்டார்கள். ஷுல்ட்ஸுக்கு ஏழு வருடம், பொறியாளருக்குப் பன்னிரண்டு வருடம்.

இதில் ஒரு விசித்திரம். அதே 1911-ல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஜெர்மனிக்காக வேவு பார்த்ததாகப் பிடிபட்டவர் பெயரும் மாக்ஸ் ஷுல்ட்ஸ்தான். படகு வீட்டில் ஜெர்மன் கொடி கட்டிக்கொண்டு, உள்ளூர் ஆட்களுக்கு விருந்து வைத்து, பணம் தருகிறேன், கடற்படைச் செய்தி சொல் என்று கேட்டவர். அவருக்கு 21 மாதம். இரண்டு பேரையும் ஒருவராக நினைத்துக் குழம்பி எழுதியவர்கள் உண்டு, நீங்கள் படிக்கும்போது கவனமாக இருங்கள்.

ஒற்றர்களை விட்டால், வெளிப்படையாகவே பார்க்க உரிமை உள்ளவர்கள் தூதரகங்களின் கடற்படை அதிகாரிகள். லண்டனில் 1907 முதல் 1912 வரை இருந்த ஜெர்மன் கடற்படை அதிகாரி விடன்மான் தன் தூதரையே தாண்டி டிர்பிட்ஸுக்குச் செய்தி அனுப்புவார். பிரிட்டன் பணியும், இன்னும் கட்டுங்கள் என்ற தொனியில். தூதர் மெட்டர்னிஹ், கப்பல் போட்டி போரில் முடியும் என்று எழுதி எழுதி ஓய்ந்தார். கெய்சர் நம்பியது விடன்மானை. தகவல் சரியாக இருந்தும் அதைப் படிப்பவர் கேட்க விரும்பியதை மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சரியான உதாரணம்.

1914 ஜூன் கடைசியில் கீல் துறைமுகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் போர்க்கப்பல் அணி ஒன்று நட்பு விருந்தினராகப் போயிருந்தது. ஜெர்மன் அதிகாரிகளும் பிரிட்டிஷ் அதிகாரிகளும் ஒருவர் கப்பலில் ஒருவர் ஏறி இறங்கி விருந்துண்டார்கள். கப்பலைச் சுற்றிக் காட்டினார்கள், கம்பியில்லாத் தந்தி அறையும் பீரங்கிக்குக் குறி கணக்கிடும் இடமும் மட்டும் பூட்டியிருந்தன. முதிர்ந்த பிரபு பிராஸி தன் சின்னப் படகில் ஜெர்மன் கடற்படைத் தளப் பக்கம் போய்விட, காவலர்கள் அவரைப் பிடித்து வைத்து, யார் என்று தெரிந்ததும் விட்டார்கள். அந்த வாரத்தில்தான், 28-ம் தேதி, ஆஸ்திரிய இளவரசர் சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது.

பூட்டியிருந்த அந்த அறைகளில்தான் விஷயம் இருந்தது. கப்பலின் எண்ணிக்கையும் பீரங்கியின் அளவும் பட்ஜெட்டிலும் வருடாந்திர நூல்களிலும் அச்சிலேயே கிடைத்தன. ஒற்றர்கள் சொல்லாமல் போனவைதான் போரைத் தீர்மானித்தன. ஜெர்மன் கடற்படையின் திட்டம் முழுக்க ஓர் ஊகத்தில் நின்றது: பிரிட்டிஷ் கப்பல்கள் ஜெர்மன் கரைக்கு நெருங்கி வந்து முற்றுகையிடும், அப்போது டார்பிடோவும் கண்ணிவெடியும் வைத்து ஒவ்வொன்றாகக் குறைக்கலாம் என்று. பிரிட்டன் 1912-லிருந்தே அந்த எண்ணத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தது. 1914 ஜூலைக்குள் ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவில் தூரத்திலேயே வாசலை அடைப்பது என்று முடிவு. இந்த மாற்றம் பாரட் விற்ற எந்த நூலிலும் இல்லை, ரோசெஸ்டர் மதுக்கடைப் பேச்சிலும் வரவில்லை.

1914 ஆகஸ்ட் 4 அன்று போர் வந்ததும் கெல் தன் பட்டியலை எடுத்தார். 21 ஒற்றர்களோ சந்தேகத்துக்குரியவர்களோ கைதாகியிருக்கிறார்கள் என்று உள்துறை அமைச்சர் மெக்கென்னா மறுநாள் மக்களவையில் சொன்னார். இந்த எண்ணிக்கை மிகை என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். பெயர் பெயராகப் பார்த்தால் விவாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் ஷ்டைன்ஹவரின் வலை அந்த வாரத்தோடு அறுந்தது உண்மை. பிரிட்டிஷ் படை கால்வாயைக் கடந்து பிரான்ஸில் இறங்கியது எப்போது, எங்கே, எவ்வளவு என்பது ஜெர்மன் தலைமைக்குச் சரியாகத் தெரியவே இல்லை. எர்ன்ஸ்ட் லண்டனில் பிறந்தவர், அதனால் பிரிட்டிஷ் குடிமகன். நவம்பரில் அவருக்கு ஏழு வருடக் கடுங்காவல்.

அப்படியானால் ஜெர்மனிக்குக் கடல் விஷயத்தில் ஒரு நல்ல ரகசியம்கூடக் கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. கப்பல் தளத்தின் பக்கமே போகாத ஒருவரிடமிருந்து கிடைத்தது. லண்டன் ரஷ்யத் தூதரகத்தில் இரண்டாம் செயலாளராக இருந்தவர் பென்னோ ஃபான் சீபெர்ட், பால்டிக் பகுதி ஜெர்மானியர். தூதரகத்துக்கு வரும் போகும் கடிதங்களை நகல் எடுத்துப் பல வருடங்களாக ஜெர்மன் வெளியுறவுத் துறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1914 வசந்தத்தில் பிரிட்டனும் ரஷ்யாவும் கடற்படை ஒத்துழைப்பு பற்றி ரகசியமாகப் பேசத் தொடங்கியது அவர் மேசை வழியாக பெர்லினுக்குத் தெரிந்துவிட்டது. பால்டிக் கடலில் பொமரேனியா கரையில் படையிறக்க பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள் வேண்டும் என்பது ரஷ்யர்களின் ஆசைகளில் ஒன்று. பெர்லின் இந்தச் செய்தியைப் பத்திரிகைக்குக் கசியவிட்டது. ஜூன் 11 அன்று மக்களவையில் கேள்வி வந்தபோது, பிரிட்டனின் கையைக் கட்டும் எந்த ரகசிய ஒப்பந்தமும் இல்லை என்றார் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே. பேச்சுவார்த்தை நடப்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெர்மன் பிரதமர் பெட்மான் ஹோல்வேகுக்கோ காகிதம் கையில் இருந்தது. பிரிட்டனில் தான் நம்பிய ஒரே மனிதரும் மறைக்கிறார் என்று அவர் முடிவுகட்டினார். ஜூலையில் நெருக்கடி முற்றியபோது லண்டனிலிருந்து வந்த சமாதான வார்த்தைகளை அவர் எந்த மனத்தோடு படித்தார் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சீபெர்ட் பிடிபடவே இல்லை. தான் நகல் எடுத்த அந்தக் கடிதங்களை 1921-ல் ஜெர்மனியில் தன் பெயரிலேயே புத்தகமாக வெளியிட்டார்.